காலண்டர் தாள், பழைய சேலை, வாழை நார்: குப்பை சேராமல் கிறிஸ்துமஸ் பரிசு கட்டும் முறை

பரிசுக் கடுதாசி வாங்கும் எண்ணம் இருந்தால், முதலில் ஒரு சின்னத் துண்டை உள்ளங்கையில் வைத்து நன்றாகக் கசக்குங்கள். கையை விரித்த பிறகும் கசங்கியபடியே கிடந்தால் அது கடுதாசி. மெல்ல மெல்ல விரிந்து பழைய உருவத்துக்கு வந்தால் அது வெள்ளி நிறப் பூச்சு ஏற்றிய நெகிழித் தாள். டிசம்பர் பிறந்ததும் மலேசியத் தோட்டத்துப் பட்டணங்களின் மலிவு விலைக் கடை வாசலில் சுருள் சுருளாக நிற்கும் பளபளப்பில் இந்த இரண்டாவது வகை நிறையவே இருக்கும். கடுதாசியாகவே இருந்தாலும் மேலே மினுக்குத் தூள் ஒட்டியிருந்தால் அதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

பண்டிகை முடிந்த மறுநாள் அதை எங்கே போடுவது? “சூராட் காபார் லாமா” (மலாயில் ‘பழைய நாளிதழ்’) என்று ஒலிபெருக்கி வைத்து வரும் லோரிக்காரர் பழைய நாளிதழை எடைக்கு வாங்குவார், இதை வாங்கமாட்டார். 2007ஆம் ஆண்டின் 672ஆம் சட்டமான திடக்கழிவு, பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டப்படி, 2015 செப்டம்பர் முதல் கெடா, நெகிரி செம்பிலான், ஜொகூர் உள்ளிட்ட மாநிலங்களில் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயம். ஆனால் கடுதாசிக்கான நீலத் தொட்டியில் இதைப் போட்டால் கூட இருக்கும் நல்ல கடுதாசிக்கும் கேடுதான். பின்கட்டில் கொளுத்தலாம் என்றால், திறந்தவெளியில் எரிப்பது சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டுப் புகை பத்து வீட்டுக்கும் போகும்.

இதற்கு மாற்று என்று பழுப்புக் கடுதாசியையும் சணல் கயிற்றையும் புதிதாக வாங்கி அடுக்குவதிலும் பெரிய லாபம் இல்லை. அதுவும் ஒருநாள் கூத்துக்கு வாங்கிய சரக்குதான். வீட்டில் ஏற்கெனவே இருப்பதை எடுங்கள். பிரிப்பவர் அதைத் திரும்பப் பயன்படுத்த முடிய வேண்டும், அல்லது அது வாழைமரத்தடியில் மக்க வேண்டும். இரண்டில் எதுவும் இல்லையென்றால் அந்தப் பொருள் வேண்டாம்.

காலண்டர் தாளும் நாளிதழும்

டிசம்பர் மாதத்தில் எல்லார் வீட்டுச் சுவரிலும் பதினொரு மாதக் காலண்டர் தாள் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். நகைக்கடையும் மளிகைக்கடையும் கொடுக்கும் பெரிய மாதக் காலண்டர் என்றால் தாள் கெட்டியாக இருக்கும், பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். குதிரைப் படம் போட்ட காலண்டரின் பெரிய பெரிய எண்களைக்கூட வெளிப்பக்கம் தெரியும்படி கட்டலாம். பரிசு பெறுபவரின் பிறந்த மாதத் தாளாக இருந்தால் பெயர்ச்சீட்டே தேவையில்லை.

அளவு தெரியாமல் வெட்டுவதில்தான் கடுதாசி வீணாகிறது. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். அகலத்தையும் உயரத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கி, ஒன்றன்மேல் ஒன்று படிய 3 செ.மீ. சேர்த்தால் சுற்றளவுப் பக்கம் கிடைக்கும். மற்ற பக்கத்துக்கு நீளத்தோடு உயரத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டுங்கள். சட்டைப் பெட்டி 30 × 22 × 6 செ.மீ. என்றால் 59 × 39 செ.மீ. தாள் போதும். முனைப் பக்கத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் விட்டால் மடிப்பு தடித்து, மூலை உப்பிக்கொண்டு நிற்கும். அழகாக வராததற்குக் காரணம் பெரும்பாலும் கைப்பழக்கம் இல்லாதது அல்ல, கடுதாசி அதிகமாக இருப்பதுதான்.

அடிப்பாகம் சதுரமான பெட்டிக்கு இன்னொரு வழி உண்டு. பெட்டியின் மேல்முகத்தை மூலைக்கு மூலை அளந்து, அதோடு உயரத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டி, அந்த அளவுக்குச் சதுரத் தாள் வெட்டுங்கள். 20 செ.மீ. சதுரம், 8 செ.மீ. உயரம் என்றால் 28.3 + 12. அதாவது 41 செ.மீ. சதுரம். பெட்டியைத் தாளின் நடுவில் சாய்சதுரமாக வையுங்கள். பெட்டியின் மூலை தாளின் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான்கு முனைகளையும் ஒவ்வொன்றாக மேலே தூக்கி, பக்கவாட்டில் தொங்கும் உபரியை உள்ளே மடித்து, நடுவில் சேருங்கள். வழக்கமான முறைக்கு இதே பெட்டி 59 × 32 செ.மீ. தாள் கேட்கும். மிச்சமாவது கொஞ்சம்தான் என்றாலும் ஒட்டவேண்டிய இடம் ஒன்றே ஒன்று. அதையும் ஒரு கயிறு பார்த்துக்கொள்ளும்.

செலோடேப்பைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரிக்கும்போது கடுதாசியைக் கிழிப்பதே அதுதான். கிழிந்த தாளை யாரும் எடுத்து வைப்பதில்லை. கயிறு கட்டினால் ஒட்டவே வேண்டாம். ஒட்டியே ஆகவேண்டிய இடத்தில் மரவள்ளி மாவுப் பசை போடலாம். ஒரு மேசைக்கரண்டி மாவை இரண்டு மேசைக்கரண்டி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். அரைக் கோப்பைத் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் இந்தக் கரைசலை ஊற்றி, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கிவிடலாம். உலர்ந்த மாவை நேராகச் சுடுதண்ணீரில் கொட்டினால் உருண்டை உருண்டையாகத் திரளும். பிறகு எத்தனை கிளறினாலும் கரையாது. ஆறியதும் விரல் நுனியால் மெல்லிய பூச்சாகத் தடவி அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தாராளமாகத் தடவினால் தாள் ஈரம் குடித்துச் சுருங்கும். காலண்டரின் வழவழப்பான பக்கத்தில் இந்தப் பசை பிடிக்காது. இரண்டு சொரசொரப்பான பக்கங்கள் சேரும்படி ஓரத்தை ஒரு மடிப்பு மடித்து ஒட்ட வேண்டும். மீந்ததை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். மாவுப் பசைக்குக் கரப்பான் வரும் என்பதையும் மறக்கவேண்டாம். இப்படி ஒட்டிய பரிசை டிசம்பர் முதல் தேதியே கிறிஸ்துமஸ் மரத்தடியில் அடுக்காதீர்கள்.

நாளிதழ் மெல்லியது. இரண்டு தாள் சேர்த்துத்தான் கட்டவேண்டும். இல்லையென்றால் பெட்டி மூலை கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதன் மை வெளிர்நிறத் துணியில் படும், ஆகவே துணிப் பரிசைப் பெட்டியில் வைக்காமல் நேரடியாகச் சுற்றவேண்டாம். பலகாரத்துக்கு அறவே கூடாது. ஞாயிறு பதிப்பின் வண்ணப் பக்கம், சிறுவர் பக்கம், குறுக்கெழுத்துப் பக்கம் ஆகியவை பொருத்தம். மரண அறிவிப்புப் பக்கம் மேலே வந்துவிடாமல் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். பரணில் பழைய தமிழ் நேசன் கட்டு இருந்தால் அதை வெட்டாமல் விடுவது நல்லது. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன நாளிதழ் அது. அந்தக் கட்டே ஒரு பரிசு.

சேலையும் கைலியும்

துணியில் கட்டுவதுதான் எல்லாவற்றிலும் உயர்ந்தது. வெட்டியது வீணாகாது, ஒட்டவேண்டாம், மழையில் நனைந்தால் காயவைத்துக்கொள்ளலாம். ஜப்பானியர்கள் சதுரத் துணியில் முடிந்து பொருள் கொண்டுபோகும் முறையை ஃபுரோஷிகி என்பார்கள். சாப்பாட்டுச் சட்டியைத் துணியில் முடிந்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அளவும் முடிச்சும் மட்டும் தெரிந்தால் போதும்.

முதலில் துணியைத் தேர்ந்தெடுங்கள். பருத்தி, பருத்திக் கலப்பு இரண்டும் முடிச்சைப் பிடித்துக்கொள்ளும். பட்டும் ஜார்ஜெட்டும் வழுக்கும். என்ன துணி என்று தெரியாவிட்டால் ஓரத்தில் ஒரு நூலை உருவி, கழுவுதொட்டிக்கு மேலே பிடித்துத் தீயில் காட்டுங்கள். கடுதாசி எரிகிற வாடையோடு மெல்லிய சாம்பலானால் பருத்தி. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியெஸ்டர். பாலியெஸ்டர் மக்காது என்றாலும் ஏற்கெனவே அலமாரியில் கிடக்கும் சேலையை இன்னும் பத்து வருடம் பயன்படுத்துவதில் தவறு ஒன்றும் இல்லை. இதற்கென்று புதிதாக மட்டும் வாங்காதீர்கள். கல்யாணச் சேலையில் கை வைக்கவேண்டாம். அதனால் வீட்டில் வரும் சண்டைக்கு இங்கே வழிமுறை கிடையாது.

டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த சேலையில் பாச்சை உருண்டை வாடை இருக்கும். ஒருமுறை துவைத்தால் போகாது. துவைத்து, இரண்டு நாள் காற்றோட்டமான இடத்தில் விரித்துப் போட்டு, திரும்பவும் துவைக்க வேண்டும். பலகாரம் வைக்கும் துணி என்றால் முகர்ந்து பார்த்த பிறகே எடுங்கள். அதிரசத்தில் அந்த வாடை ஏறினால் வாயில் வைக்க முடியாது.

இனி அளவு. முடிய வேண்டிய பெட்டியின் நீளத்தையும் உயரத்தையும் கூட்டி, இரண்டால் பெருக்கி, முடிச்சுக்கு 20 செ.மீ. சேருங்கள். துணி மூலைக்கு மூலை அந்த அளவு இருக்க வேண்டும். அதை 1.4ஆல் வகுத்தால் துணியின் பக்க அளவு. மேலே சொன்ன சட்டைப் பெட்டிக்கு 30ம் 6ம் 36, இரட்டித்தால் 72, இருபது சேர்த்தால் 92, வகுத்தால் ஏறத்தாழ 66 செ.மீ. ஆகவே 70 செ.மீ. சதுரத்துணி தாராளம். முடிச்சுக்கு ஒரு பக்கம் 10 செ.மீ.க்குக் குறைந்தால் விரல் பிடிக்காது, இழுத்து இழுத்துத் துணிதான் நைந்துபோகும்.

ஒரு சேலை ஐந்தரை மீட்டர் நீளம், சுமார் 1.1 மீட்டர் அகலம் இருக்கும். அதை அகலத்தில் பாதியாகப் பிரித்து 55 செ.மீ. சதுரங்களாக வெட்டினால் இருபது துண்டு கிடைக்கும். ஓரம் மடித்துத் தைத்த பிறகு 53 செ.மீ. மிஞ்சும்; 22 செ.மீ. நீளம், 5 செ.மீ. உயரம் உள்ள புத்தகக் கட்டு, சோப்புப் பெட்டி, சின்ன விளையாட்டுச் சாமான் எல்லாம் அதில் அடங்கும். 70 செ.மீ.யாக வெட்டினால் ஏழு துண்டும், பக்கத்தில் 40 செ.மீ. அகலப் பட்டையும் கிடைக்கும். அந்தப் பட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நாடாவுக்கு அதுதான். பத்தேக் கைலி என்றால் பக்கத் தையலைப் பிளேடால் பிரித்து விரியுங்கள். ஏறத்தாழ 2 மீட்டருக்கு 1 மீட்டர் வரும். இரண்டு பெரிய சதுரம், அல்லது எட்டுச் சின்னச் சதுரம். பருத்தியைக் கத்தரிப்பதைவிட ஓரத்தில் சின்ன வெட்டுக் கொடுத்துக் கையால் கிழிப்பது மேல். நூலோட்டத்திலேயே நேராகக் கிழியும். ஜார்ஜெட்டைக் கிழித்தால் அலைஅலையாகச் சுருண்டுவிடும், அதைக் கத்தரிக்கத்தான் வேண்டும்.

வெட்டிய துணி துவண்டு கிடந்தால் கஞ்சி போடுங்கள். வடித்த கஞ்சி ஒரு கோப்பைக்குத் தண்ணீர் ஐந்து கோப்பை. வடிகட்டிய பிறகே துணியை முக்க வேண்டும், இல்லையென்றால் சோற்றுப் பருக்கை இஸ்திரியில் கருகிக் கறை விடும். பிழிந்து நிழலில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். மழை மாதத்தில் அரைகுறையாகக் காய்ந்த கஞ்சித்துணியை மடித்து வைத்தால் மூன்றே நாளில் கரும்புள்ளிப் பூஞ்சை வரும். அது துவைத்தாலும் போகாது.

கட்டும் விதம் இது. துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி சாய்சதுரமாக விரியுங்கள். பெட்டியின் நீளவாக்கு இடமூலையையும் வலமூலையையும் பார்த்திருக்க வேண்டும். உங்களுக்கு அருகிலுள்ள மூலையைப் பெட்டிமேல் போர்த்தி நுனியை அடியில் செருகுங்கள். எதிர்மூலையை அதன்மேல் கொண்டுவந்து, மீதியை உள்பக்கம் மடியுங்கள். இப்போது இடமும் வலமும் மிச்சம். இரண்டையும் தூக்கி நடுவில் முடியுங்கள்.

முடிச்சில்தான் எல்லாம் கெடுகிறது. முதலில் இடக்கை நுனியை வலக்கை நுனியின்மேல் போட்டு அடியில் நுழைத்து இறுக்குங்கள். அடுத்த சுற்றில் எந்த நுனி மேலே வந்திருக்கிறதோ, அதே நுனி திரும்பவும் மேலே போக வேண்டும். அதாவது இப்போது வலப்பக்கம் இருப்பதை இடப்பக்கத்தின்மேல் போட வேண்டும். இரண்டு முறையும் இடதை வலதின்மேலேயே போட்டால் அது கள்ள முடிச்சு. பார்த்தே கண்டுபிடிக்கலாம்: சரியான முடிச்சின் காதுகள் இரண்டும் பெட்டியின் நீளவாக்கில் படுத்திருக்கும், கள்ள முடிச்சில் குறுக்கே, மேலும் கீழுமாக முறைத்துக்கொண்டு நிற்கும். மோட்டார் சைக்கிளில் கோவில் வரை போவதற்குள் இரண்டாவது தானாக அவிழ்ந்துவிடும்.

சரியாகப் போட்ட முடிச்சு எத்தனை இறுகினாலும் பல்லால் கடிக்க வேண்டியதில்லை. ஒரு காதையும், அதே துணி முடிச்சுக்குள் நுழையும் இடத்தையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராக நேராக இழுங்கள். அந்தப் பக்கம் நிமிர்ந்து கம்பிபோல் நீண்டுவிடும், மற்றது அதன்மேல் சுருளாகிவிடும். சுருளை வழித்தால் கழன்று வரும். பெரியவர்களுக்குக் கொடுக்கும் பரிசில் இதைச் சொல்லிக் கொடுங்கள், கத்தரிக்கோலைத் தேடமாட்டார்கள்.

போத்தல் என்றால், 30 செ.மீ. உயரத்துக்கு 70 செ.மீ. துணி. நடுவில் நிறுத்தி, எதிரெதிர் மூலைகள் இரண்டைக் கழுத்துக்கு மேலே முடிந்து, மற்ற இரண்டையும் பின்னால் குறுக்காக மாற்றி முன்பக்கம் கொண்டுவந்து இடுப்பில் முடியுங்கள். பந்துக்கு 90 செ.மீ. வேண்டும். பக்கத்துப் பக்கத்து மூலைகளை இரண்டிரண்டாக முடிந்தால் இரண்டு வளையம் வரும்; ஒரு வளையத்தை மற்றதன் வழியே இழுத்தால் அதுவே கைப்பிடி. கால்பந்து மாதிரி உருண்டைச் சாமானைக் கடுதாசியில் சுற்ற முயல்வது நேரத்துக்குப் பிடித்த கேடு.

பழைய சேலையில் கட்டிக் கொடுத்தால் கஞ்சத்தனம் என்று நினைப்பார்களோ என்ற தயக்கம் சிலருக்கு உண்டு. துவைத்துக் கஞ்சி போட்டு ஓரம் தைத்த துணியைப் பார்த்து அப்படி யாரும் சொல்வதில்லை; நூல் தொங்கும் துணியைப் பார்த்தால் சொல்வார்கள். ஆகவே தைப்பதில் சோம்பல் வேண்டாம். துணி திரும்ப வேண்டுமா, அவர்களே வைத்துக்கொள்ளலாமா என்பதைப் பெயர்ச்சீட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள். பலகாரத் தட்டை வெறுமனே திருப்பித் தராமல் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருகிற வழக்கம் நம் லயங்களில் இருப்பதால், துணியும் பெரும்பாலும் வெறுமனே வராது.

கயிறு, நாடா, நார்

மளிகைக்கடையில் ராஃபியா என்று சிவப்பும் இளஞ்சிவப்புமாகத் தொங்கும் சுருள் நெகிழி. பெயர் பனைவகை நாரின் பெயர், சரக்கு அது அல்ல. சணல் கயிறு, பருத்தி நூல், பூக்கட்டும் வாழை நார் மூன்றும் நல்லவை.

வாழை நார் காசில்லாமல் கிடைக்கும். குலை வெட்டிய மரத்தின் வெளிமட்டைகளை விட்டுவிட்டு, அடுத்துள்ள வெள்ளை மட்டைகளை உரியுங்கள். ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, உள்பக்கச் சதையைக் கத்தியின் முதுகால் வழித்து, வெயிலில் ஒரு நாள் காயப்போடுங்கள். சதை மிஞ்சினால் கறுத்துப் புழுங்கும். கட்டுவதற்கு முன் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் ஒற்றிவிட்டுக் கட்டுங்கள். காய்ந்த நாரை அப்படியே முடிந்தால் முடிச்சிலேயே ஒடியும். ஈரம் சொட்டச்சொட்டக் கட்டினால் கடுதாசி ஊறும். நார் காயும்போது சற்றுச் சுருங்கி முடிச்சை இறுக்கும், அதனால் முதலிலேயே முழு பலத்தோடு இழுக்க வேண்டாம். வாழைக் கறை துணியில் பட்டால் போகாது. இந்த வேலையைப் பழைய கைலி உடுத்திக்கொண்டு செய்யுங்கள்.

சேலை மீந்த பட்டையை 3 செ.மீ. அகல நாடாவாக்கலாம். பாலியெஸ்டர் என்றால் ஓரத்தை மெழுகுவர்த்திச் சுடருக்குப் பக்கத்தில் வேகமாக நகர்த்தினால் நூல் பிரியாமல் உருகி நிற்கும். சுடருக்குள் விட்டால் பற்றிக்கொள்ளும்.

வெண்டைக்காய் நட்சத்திரம்

வெள்ளைத் தாள் வெறுமையாகத் தெரிந்தால் அச்சுப் போடுங்கள். முற்றிய வெண்டைக்காயைக் காம்புக்கு இரண்டு விரல் கீழே நேராக வெட்டினால், வெட்டுமுகம் பெரும்பாலும் ஐந்து முனை நட்சத்திரம். பிஞ்சு வேண்டாம், அழுத்தினால் நசுங்கும். வெட்டியதும் அச்சுப் போட்டால் கோழை கலந்து நட்சத்திரம் கலைந்துவிடும். துணியின்மேல் வெட்டுமுகம் படும்படி பத்து நிமிடம் கவிழ்த்து வைத்து, ஒற்றி எடுத்த பிறகு தொடங்குங்கள்.

சாயத்துக்கு ஒரு மேசைக்கரண்டி மஞ்சள் தூளைக் குழைக்கிற அளவு தண்ணீரில் கரைத்து, மேலே சொன்ன மரவள்ளிப் பசையில் அரைத் தேக்கரண்டி சேருங்கள். பசை சேர்க்காவிட்டால் காய்ந்ததும் தூளாக உதிரும். இதைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் வெற்றிலைச் சுண்ணாம்பை மிளகளவு போட்டுக் குழைத்தால், ஆரத்தித் தண்ணீர் சிவப்பதுபோல் சிவந்துவிடும். மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும், அவ்வளவுதான் சூட்சுமம். சுண்ணாம்பு கூடினால் காய்ந்த ரத்த நிறம் வரும், பண்டிகைக்கு அழகாக இராது. ஒரு குச்சியால் கலக்குங்கள், பிள்ளைகள் விரலை விட்டால் எரியும். சாயத்தைத் தட்டில் ஊற்றி முக்காமல், நனைத்த துணித் துண்டில் தடவி அதில் ஒற்றி அச்சுப் போட்டால் கோடு தெளிவாக விழும்.

வெயில் பட்டால் மஞ்சள் வெளுக்கும். சிவப்பும் நாளாக ஆகப் பழுப்பாகும். ஆகவே 22, 23ஆம் தேதிகளில் போடுவது போதும். நன்றாகக் காய்ந்த பிறகும் தேய்த்தால் வெள்ளைச் சட்டையில் கறை ஒட்டும் என்பதால் அச்சு எப்போதும் வெளிப்பக்கம்தான், உள்ளே துணி இருந்தால் பெட்டி கட்டாயம்.

பலகாரப் பரிசு

முறுக்கு, அச்சுமுறுக்கு, பிஸ்கட் வகைகள் காற்றுப் புகாத போத்தலிலோ டின்னிலோதான் போக வேண்டும். பார்க்க அழகு என்று வாழையிலையில் பொட்டலம் கட்டினால் இலையின் ஈரம் ஏறி, மாலைக்குள் முறுக்கு நமத்துவிடும். தீபாவளிக்கு வந்த பலகாரப் போத்தல்களைக் கழுவி, மூடியைத் தனியாக ஒரு நாள் காயவைத்து எடுங்கள்; மூடியின் மரைக்குள் தங்கும் தண்ணீர்தான் நமப்புக்குக் காரணம். மூடி 12 செ.மீ. விட்டம் என்றால் 28 செ.மீ. சதுரச் சேலைத் துண்டு போர்த்தி நூலால் கட்டலாம். மைலோ டின், பிஸ்கட் டின் இரண்டுக்கும் வெளியே துணி முடிந்தால் போதும், உள்ளே சுத்தமான எண்ணெய்த்தாள் போடுங்கள்.

அதிரசம், பருப்பு உருண்டை போன்ற மெத்தென்றவற்றுக்கு வாழையிலை பொருந்தும், அன்றைக்கே சாப்பிடுவதாக இருந்தால். இலையைத் தீயில் மேலோட்டமாக வாட்டுங்கள். நிறம் அடர்ந்து பளபளப்பு வந்ததும் எடுத்துவிட வேண்டும். வாட்டாத இலை மடிப்பில் நரம்போடு கிழியும். ஆறவிட்டு, துடைத்து, மடித்து, ஈர்க்குச்சியால் குத்துங்கள். சூடான இலையில் பலகாரம் வைத்தால் வியர்க்கும்.

உரச் சாக்கும் பூச்சிமருந்துச் சாக்கும் எத்தனை தடவை கழுவினாலும் பரிசுக்கு வேண்டாம், பலகாரம் இருக்கட்டும், பொம்மைக்குக்கூட வேண்டாம்.

மேலே செருக

குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை பின்னத் தெரிந்த கைக்கு நட்சத்திரம் பின்னுவது சிரமமில்லை. தென்னங்குருத்து நாலைந்து நாளில் மஞ்சள் போய்ப் பழுப்பாகிச் சுருங்கும், பின்னல் தளரும். 24ஆம் தேதி காலையில் வெட்டி அன்றே பின்னி, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள்.

ரப்பர் விதையின் புள்ளிக்கோலம் எந்தக் கடைச் சாமானுக்கும் குறைந்ததில்லை. பருவத்தில் பொறுக்கியவற்றைக் கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். ஈரம் இருந்தால் உள்ளே அழுகும். நாடாவில் கோக்க 2 மி.மீ. துளை போதும். பச்சை ரப்பர் விதையில் நச்சு உண்டு என்பதால் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். சிவப்புக்கு மஞ்சாடி விதை. கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணியை மட்டும் தொடாதீர்கள். அதை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. துளை போட்ட விதை இன்னும் மோசம், ஏனென்றால் நச்சை உள்ளே அடைத்து வைத்திருப்பதே அந்தக் கெட்டித் தோல்தான்.

பெயர்ச்சீட்டுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை. 5 × 8 செ.மீ. அளவில், பின்பக்கம் வெறுமையாக உள்ள இடத்தில் வெட்டி ஒரு முனையில் துளையிடுங்கள். சாமி படமோ மாதா படமோ உள்ள இடத்தில் கத்தரி போகவேண்டாம், யார் வீட்டுப் பத்திரிகையாக இருந்தாலும்.

கொண்டுபோகும்போது மழையை நினைத்துக்கொள்ளுங்கள். கடுதாசியில் கட்டியவற்றை ரொட்டி வந்த நெகிழிப் பையில் போட்டு மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்து, வாசலில் இறங்கியதும் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பை அடுத்த வீட்டுக்கும் ஆகும். துணியில் கட்டியவற்றை மேலேயும் கடுதாசியில் கட்டியவற்றைக் கீழேயும் அடுக்காதீர்கள், நாரின் ஈரமும் துணியின் பாரமும் தாளை நசுக்கிவிடும். பிரித்த பிறகு காலண்டர் தாளை நீவி மெத்தைக்கு அடியில் வைத்தால் அடுத்த பிறந்தநாளுக்கு வரும். கிழிந்ததும் மஞ்சள் அச்சுப் போட்டதும் வழவழப்பில்லாத தாளாக இருந்தால் கையால் துண்டாக்கி, நாரையும் சேர்த்து வாழைத்தூரில் போட்டு மண்ணைத் தள்ளுங்கள். வழவழப்பான தாள்களைக் கட்டிவைத்தால் லோரிக்காரர் வரும்போது நாளிதழோடு போட்டுவிடலாம், கயிற்றை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொள்ளுங்கள்.